பழைய கட்டடத்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் கூரைக்கு ஏறுங்கள்

கேள்வி இது: நகரத்தின் மையத்தில், 1900-ஐ ஒட்டிக் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உயரமான உட்கூரை, மரத்தளம், வேலைப்பாடுள்ள கதவுகள், வார்ப்பிரும்புக் கிராதி போட்ட பால்கனி. பார்த்ததும் பிடித்துவிட்டது. வாங்கலாமா? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்த நாலு அறையை மட்டும் அல்ல. கூரை, மாடிப்படி, வெளிச்சுவர், கழிவுநீர்க் குழாய், அஸ்திவாரம் எல்லாவற்றிலும் ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அவற்றைப் பழுதுபார்க்கப் பணம் போட வேண்டிய மற்ற வீட்டுக்காரர்களும் உங்களோடு சேர்ந்தே வருகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் குறையைக் கையில் காசு இருந்தால் நாளைக்கே சரிசெய்யலாம். கூரையில் இருக்கும் குறையை மற்ற பத்துப் பேர் ஒத்துக்கொள்ளாமல் தொடக்கூட முடியாது. அதனால் வழக்கமாகப் பார்க்கிற வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். முதலில் காகிதம், அடுத்து கூரையும் அடித்தளமும், வீடு கடைசியில்.

காகிதத்தில் முதலாவது, குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள். கடைசி ஐந்து வருடத்துக்குக் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கு மூன்று வருடத்துக்கு. "அதெல்லாம் எதுக்குங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால் அதுவே ஒரு தகவல்தான். குறிப்புகளில் பெரிய சண்டைகளைத் தேட வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிற ஒரே வரியைத் தேடுங்கள். "மேற்கூரை ஒழுகல் பற்றிப் பேசப்பட்டது, மதிப்பீடு வாங்கி அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம்" என்று வரிசையாக மூன்று வருடம் எழுதியிருந்தால், கூரை ஒழுகுகிறது, நிதியில் பணம் இல்லை, உறுப்பினர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்ற மூன்று விஷயமும் தெரிந்துவிடும்.

கணக்கில் பார்க்க வேண்டியவை நிலுவையும் கையிருப்பும். கட்டணம் கட்டாதவர்கள் பத்தில் ஒருவர் என்றால் சமாளிக்கலாம். மூன்றில் ஒருவர் என்றால் எந்தப் பெரிய வேலையும் நடக்காது. கையிருப்பு போதுமா என்று பார்க்க, வரப்போகிற வேலைகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள்: கூரை, முகப்புப் பூச்சு, லிஃப்ட், கழிவுக்குழாய். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். மாதக் கட்டணம் ரொம்பக் குறைவு என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். நூறு வயதுக் கட்டடத்தில் கட்டணம் குறைவு என்றால், செய்ய வேண்டிய வேலைகளை யாரோ ஒருவர் தலையில் கட்டத் தள்ளிப்போட்டு வருகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

இது வெறும் பணப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைடு என்ற ஊரில் 2021 ஜூன் 24 அன்று சரிந்து 98 பேரைப் பலிகொண்ட சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் கட்டடத்துக்கு நாற்பது வயதுதான். நீச்சல்குளத் தளத்தின் அடியில் கான்கிரீட் கெட்டிருக்கிறது என்று பொறியாளர் அறிக்கை 2018-லேயே சொல்லியிருந்தது. சுமார் 1.5 கோடி டாலர் வேலைக்கு வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கும் முடிவு 2021 வசந்தத்தில்தான் வந்தது. கட்டடம் அதற்கு மேல் காத்திருக்கவில்லை.

ஏற்கனவே தீர்மானித்துவிட்ட சிறப்பு வசூல் ஏதாவது இருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். பல நாடுகளில், தீர்மானம் போட்ட நாளில் யார் உரிமையாளரோ அவர் கட்டுவதா, பணம் செலுத்த வேண்டிய நாளில் யார் உரிமையாளரோ அவர் கட்டுவதா என்பது ஒப்பந்தத்தில் எழுதுவதைப் பொறுத்தது. எழுதாமல் விட்டால் அது உங்கள் தலையில்தான் விடியும். "இன்ன தேதி வரை தீர்மானிக்கப்பட்ட எல்லா வேலைக்கும் விற்பவரே பொறுப்பு" என்ற ஒரு வரி போதும்.

அடுத்து, உங்கள் பெயருக்கு வருவது சரியாக என்ன? எல்லா ஊரிலும் இது ஒன்றல்ல. நியூயார்க்கின் பழைய அடுக்ககங்களில் பல கூட்டுறவு அமைப்புகள். அங்கே வீட்டை வாங்குவதில்லை. கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கை வாங்குகிறீர்கள். நிர்வாகக் குழு காரணம் சொல்லாமலே உங்களை நிராகரிக்கலாம். லண்டனில் பல வீடுகள் நீண்டகாலக் குத்தகையில் இருக்கும். மீதி 80 வருடத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கடன் தரத் தயங்குவார்கள், நீட்டிப்பதும் செலவு. ஜெர்மனியில் வாடகைக் குடியிருப்பாக இருந்ததைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்றால், உள்ளே இருக்கும் குடித்தனக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. வேறொருவர் வாங்கினாலும் சொந்தத் தேவைக்கென்று அவரைக் காலிசெய்யச் சொல்லக் குறைந்தது மூன்று வருடம், வீட்டு நெருக்கடியுள்ள நகரங்களில் பத்து வருடம் வரை காத்திருக்க வேண்டும். மையப் பகுதியில் ஒரு வீடு சந்தை விலையைவிட முக்கால் விலைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும்.

பரப்பளவையும் நம்பி வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள். பழைய கட்டடத்தில் சுவரே 40 முதல் 60 செ.மீ. கனம் இருக்கும். மேல்மாடி வீடுகளில் கூரை சாய்ந்திருக்கும். பிரான்ஸில் 1996-இல் வந்த கர்ரே சட்டப்படி, 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இடம் விற்பனைப் பரப்பில் சேராது. சொன்னதைவிட உண்மைப் பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாங்கியவர் விலைக் குறைப்பு கேட்கலாம். ஜெர்மனியில் ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள இடத்தைப் பாதியாகத்தான் கணக்கிடுவார்கள். உங்கள் ஊரில் எந்த அளவுமுறை என்று தெரிந்துகொண்டு, அதே முறையில் உங்கள் ஆளை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட கட்டடமா என்பது தனிக் கேள்வி. ஆம் என்றால், முகப்பு மட்டுமா, மாடிப்படியும் சேர்த்தா, வீட்டுக்குள் இருக்கும் கதவு, தரை, கூரை வேலைப்பாடு வரைக்குமா என்று எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பட்டியல் கட்டடம் என்றால் உள்ளேயும் சேர்த்துத்தான். அனுமதியில்லாமல் மாற்றுவது அங்கே குற்றம். அதைவிட முக்கியமாக, முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்ததைப் பழையபடி மாற்றச் சொல்லும் உத்தரவு இன்றைய உரிமையாளர் மேல்தான் வரும். இத்தனை வருடம் கழிந்துவிட்டால் வராது என்ற காலவரம்பும் கிடையாது. ஆகவே இருக்கிற வீட்டைப் பட்டியலில் உள்ள விவரத்தோடும் பழைய வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். காணாமல் போன கணப்பு (அறையைச் சூடாக்கும் அடுப்பு), புதிதாக முளைத்த குளியலறை, பிளாஸ்டிக் ஜன்னல் இவை ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது கூரைக்கு ஏறுங்கள். மூன்றாம் மாடி வீட்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பழைய கட்டடத்தின் வியாதியில் பெரும்பகுதி தண்ணீரால் வருவது. தண்ணீர் பெரும்பாலும் மேலே இருந்துதான் கிளம்புகிறது. தளக்கூரையாக இருந்தால் மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, சுற்றுச்சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு பிளந்திருக்கிறதா, செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆலும் அரசும் சுவரில் வேர்விட்டால் வெட்டினாலும் திரும்ப முளைக்கும். வேரை எடுக்கச் சுவரையே பிரிக்க வேண்டிவரும். ஓட்டுக்கூரையாக இருந்தால் கூரைக்கு அடியில் போய் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் வரும் ஓட்டை வழியாகத் தண்ணீரும் வரும். பரணில் யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளி எந்த அறிக்கையைவிடவும் உண்மை பேசும்.

அங்கிருந்து நேரே கீழே, நிலவறைக்கு. சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, மணம் எப்படி, கழிவுக்குழாய் எங்கே வெளியேறுகிறது, பழைய குழாயில் ஒட்டுப்போட்ட இடங்கள் எத்தனை என்று பாருங்கள். நிலவறையில் யாராவது கடை நடத்துகிறார்களா, தூணை வெட்டி வாசலை அகலமாக்கியிருக்கிறார்களா? மையப் பகுதியில் தரைத்தளம் கடைகளாக மாறும்போது நடக்கிற விபரீதம் அது. மூன்று மாடியைத் தாங்கும் சுவரில் கண்ணாடி முகப்புக்காக நாலு மீட்டர் திறப்பு போட்டிருப்பார்கள். அதற்குப் பொறியாளர் கணக்கும் அனுமதியும் இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் மேலே உள்ள விரிசல்களை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

விரிசல் இல்லாத பழைய கட்டடம் கிடையாது. எது பழசு, எது இன்னும் நகர்கிறது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் பொறியாளர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் 1 மி.மீ. வரை வெறும் பூச்சு விஷயம், 5 மி.மீ. வரை அடைத்துவிடலாம், 5 முதல் 15 மி.மீ. என்றால் கதவு ஜன்னல் சிக்கும், கட்டுமானத்தைப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால் சுவரின் ஒரு பகுதியையே மாற்றிக் கட்ட வேண்டிய நிலை. அகலத்தைவிட வடிவம் முக்கியம். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறி, மேலே போகப் போக அகலமாகிற விரிசல், கட்டடத்தின் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. உள்ளே அழுக்கும் பழைய பெயின்டும் படிந்திருந்தால் அது ஓய்ந்துபோன விரிசல். விளிம்பு கூர்மையாக, செங்கல் நிறம் புதிதாகத் தெரிந்தால் இப்போதும் நகர்கிறது. சமீபத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய கட்டடங்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. 2018 நவம்பர் 5 அன்று பிரான்ஸின் மர்செய் நகர மையத்தில், ஒபான்யு தெருவில் அடுத்தடுத்த இரண்டு பழைய கட்டடங்கள் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஒன்று ஆளில்லாமல் பாழாய்க் கிடந்தது. மற்றதில் குடித்தனம் இருந்தது. ஆகவே நீங்கள் வாங்கும் கட்டடத்தின் இரண்டு பக்கத்து வீடுகளையும் பாருங்கள். பூட்டிக் கிடக்கிறதா, கூரை போயிருக்கிறதா, இடித்துவிட்டு நிலவறையோடு புதிதாகக் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்பதை நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பக்கத்தில் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்றால், வேலை ஆரம்பிக்கும் முன் உங்கள் கட்டடத்தின் நிலையைப் புகைப்படத்தோடு பதிவுசெய்யச் சங்கம் ஏற்பாடு செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது வீட்டுக்குள் வரலாம். பழைய கட்டடத்தில் தளத்தைத் தாங்குவது மரஉத்திரமாக இருக்கலாம், இரும்பு உத்திரங்களுக்கு இடையே செங்கல் வளைவாக இருக்கலாம், ஆரம்பகாலக் கான்கிரீட்டாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு விதமாகக் கெடுபவை.

மரஉத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். கெடுவது சுவருக்குள் செருகியிருக்கும் முனை. வெளிச்சுவர் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தை முனை உறிஞ்சும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயின்டும் பலகையும் பளபளவென்று இருக்கும். சோதிப்பது இப்படி: வெளிச்சுவரை ஒட்டி, குறிப்பாக மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்துக்கு நேரே, அடுத்து குளியலறைக்கும் சமையலறைக்கும் அடியில், ஒரு தளப் பலகையைத் தூக்க அனுமதி வாங்குங்கள். விளக்கடித்து முனையைப் பாருங்கள். ஈரமானியை வையுங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சுவருக்குள் நுழையும் இடத்தில் உத்திரத்தை அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் முனையைத் தடுத்துவிடும், தட்டினால் கணீரென்று கேட்கும். கெட்ட மரத்தில் இரண்டு செ.மீ. சத்தமில்லாமல் உள்ளே போகும். வெளியே எடுத்தால் பழுப்பு நிறத்தில் சதுரம் சதுரமாக உதிரும். ஒரு முனை கெட்டிருந்தால் அந்த வரிசை முழுவதையும் பார்க்காமல் விலை பேசாதீர்கள். பென்சில் கனத்தில் மண் குழாய் தெரிந்தால் கறையான். ஒன்றிரண்டு மி.மீ. ஓட்டைகளும் கீழே வெளிர் நிறத் தூளும் இருந்தால் வண்டு. தூள் புதிதாக இருந்தால் வண்டும் வேலையில் இருக்கிறது.

பலகையைத் தூக்கியபோதே உத்திரங்களுக்கு நடுவில் மணல், சாம்பல், கட்டட இடிபாடு என்று ஏதாவது நிரப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது குப்பை இல்லை. கீழ்வீட்டுச் சத்தத்தைத் தடுக்கப் போட்டது. புதுப்பிக்கிறேன் என்று அதை அள்ளிக் கொட்டியவர்களுக்குக் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியின் ஒவ்வொரு வசனமும் கேட்கும்.

இரும்பு உத்திரமென்றால் கீழ்வீட்டின் கூரையைப் பார்க்க வேண்டும். சம இடைவெளியில் நேர்க்கோடாகப் பூச்சு வெடித்து, பழுப்புக் கறை இறங்கியிருந்தால் உள்ளே துரு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய கன அளவைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருக்கும்; அதனால்தான் பூச்சும் செங்கல்லும் பிளக்கின்றன. ஆரம்பகாலக் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கனமே குறைவு என்பதால் அதே கதை சீக்கிரம் நடக்கும். ஸ்பெயினில் 1950-களிலிருந்து 70-கள் வரை சீக்கிரம் இறுகும் அலுமினா சிமென்ட்டில் வார்த்த உத்திரங்கள் ஈரத்தில் வலுவிழந்தன. 1990-இல் பார்சிலோனாவில் ஒரு கட்டடம் இடிந்த பிறகுதான் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தார்கள். பழைய கட்டடத்தில் பிற்காலத்தில் சேர்த்த மாடிகளையும் நீட்சிகளையும் தனியாகக் கேளுங்கள். ஆதிக் கட்டுமானத்தைவிட அவைதான் பெரும்பாலும் பலவீனம்.

பால்கனி அழகுக்கு மயங்கித்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். அதுதான் கட்டடத்திலேயே அபாயமான உறுப்பு. மூன்று பக்கமும் மழை, ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு. அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: தாங்கு இரும்பு சுவருக்குள் போகும் இடத்தில் துருக்கறை, உதிர்ந்த பூச்சு, கல்லில் குறுக்கு விரிசல். மேலே தரைக்கு ஓடு ஒட்டி வாட்டத்தை மாற்றியிருந்தால் தண்ணீர் கதவுப் பக்கமாகத் திரும்பி வரும். கிராதியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், சாய்ந்து பார்க்காதீர்கள். பால்கனி உங்கள் சொத்தா, பொதுச் சொத்தா என்பதையும் சங்க விதிகளில் தேடுங்கள். செலவு யார் தலையில் என்பது அங்கேதான் இருக்கும்.

சுவர் ஈரத்துக்கு வருவோம். அதிகம் ஏமாறுவது இங்கேதான். பழைய செங்கல், கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. அவை ஈரத்தை வாங்கும், காற்றோட்டத்தில் விடும். பிற்காலத்தில் யாரோ ஒருவர் "பலமாக இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசியிருப்பார். வாங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். பூச்சு உப்பி உதிரும். அதற்கு மேல் இன்னொரு தடவை சிமென்ட், அதற்கு மேல் நீர்புகாப் பெயின்ட். தரையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வரை கோடு போட்டது போல் ஈரமிருந்தால் நிலத்திலிருந்து ஏறுவது. மூன்றாம் மாடியில் அப்படி ஏறாது. அங்கே ஈரமிருந்தால் குழாய், கூரை, ஜன்னல் ஓரம் அல்லது குளிர்ந்த சுவரில் படியும் உள்காற்றின் ஈரம் என்று தேடுங்கள். காரணத்தை அடைக்காமல் சுவரில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றுவது வீண் செலவு. காரணத்தை அடைத்து, சிமென்ட்டைக் கொத்தி எடுத்த பிறகும் சுவர் மெதுவாகத்தான் காயும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 40 செ.மீ. சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சுண்ணாம்புப் பூச்சைத் தவிர வேறெதையும் பூசாதீர்கள்.

குழாய்களைத் தெரிந்துகொள்ள ஒரு காந்தமும் ஒரு நாணயமும் போதும். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. அதன் ஆயுள் பொதுவாக 40, 50 வருடம். வெளியே நன்றாக இருக்கும். உள்ளே துரு அடைத்துப் பென்சில் கனத்துக்குத்தான் வழி இருக்கும். இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காந்தம் ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், நாணயத்தால் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னினால் ஈயம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்குள் மாற்றிவிட்டு, கீழிருந்து ஏறும் பொதுக்குழாய் ஈயமாகவே இருந்தால் பயனில்லை. இதற்கும் சங்கம்தான் வழி. பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு அது தடைசெய்யப்பட்டதே 1978-இல். கதவை உலர்வாகத் தேய்க்கவோ தீயால் சுடவோ கூடாது. நூறு வயதுக் கட்டடத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்காது என்றும் நினைக்காதீர்கள். இடையில் நடந்த பழுதுபார்ப்புகளில் குழாய்ச் சுற்றாக, தரை ஓடாக, ஒட்டுப் பசையாக அது நுழைந்திருக்கும். உடைக்கும் முன் மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

வார்ப்பிரும்புக் கழிவுக்குழாய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்ப் பக்கத்தில்தான் பிளக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்கினால் பின்னால் பல மடங்கு போகும்.

மின்சாரத்தில் இரண்டு கேள்வி. வீட்டுக்குள் ஒயர் எந்தக் காலத்தது? துணி சுற்றிய, ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டால் நொறுங்கும். அதை ஒட்டுப்போட முடியாது, முழுவதும் மாற்ற வேண்டும். எர்த் இணைப்பு எல்லா முனைக்கும் இருக்கிறதா, 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: கட்டடத்துக்குள் ஏறும் பொது மின்கம்பி எவ்வளவு தாங்கும்? 7 கிலோவாட் மின்அடுப்பு ஒன்றே 32 ஆம்பியர் கேட்கும். வீட்டுக்கு வரும் இணைப்பே 30 ஆம்பியர் என்றால், உள்ளே எவ்வளவு நல்ல ஒயர் போட்டும் புண்ணியமில்லை.

வாங்கிய கையோடு குளியலறையை இடம் மாற்றுவது, சமையலறையைக் கூடத்தோடு சேர்ப்பது என்று திட்டம் வைத்திருப்பீர்கள். இரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கழிப்பறையைக் கழிவுக்குழாயிலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்தால், 50-க்கு 1 வாட்டத்தில் குழாய் 8 செ.மீ. இறங்க வேண்டும். குழாயின் கனம் 11 செ.மீ. சேர்த்தால் 19 செ.மீ. அந்த ஆழம் தளத்துக்குள் இல்லை. உத்திரத்தின் குறுக்கே குழாய் போனால், கொத்தனார் உத்திரத்தை வெட்டிவிட்டுப் பலகையை மூடிவிடுவார். அல்லது குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்த வேண்டும். இரண்டாவது கணக்கு எடை. வீட்டுத் தளம் தாங்க வேண்டிய உபயோகச் சுமையை இன்றைய விதிகள் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ என்று வைக்கின்றன. 5 செ.மீ. காரை போட்டு ஓடு பதித்தால் அதுவே 100 கிலோவைத் தாண்டும். பழைய மரத்தளத்தில் பாதி வலுவைத் தரைக்கே செலவழித்துவிட்டு, மேலே தண்ணீர் நிரம்பிய தொட்டியையும் வைக்கிறார்கள். தளம் தொய்கிறது, ஓடு வெடிக்கிறது, கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு விழுகிறது, வழக்கு வருகிறது.

இதே வேலையை உங்களுக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் ஏற்கனவே செய்திருக்கலாம். ஆகவே கதவைத் தட்டி, அந்த இரண்டு வீட்டையும் பார்க்க அனுமதி கேளுங்கள். கீழே யாராவது சுவரை எடுத்திருக்கிறார்களா? கணப்பு உள்ள ஊர்களில், கீழ்வீட்டுக்காரர் இடத்துக்காகப் புகைபோக்கித் தண்டை இடித்திருப்பார். மேலே பல டன் செங்கல் அந்தரத்தில் தொங்கும். ஒரு மெல்லிய தடுப்புச் சுவர் என்று நீங்கள் நினைப்பது, நூறு வருடத்தில் தொய்ந்த தளத்தை இப்போது தாங்கிக்கொண்டிருக்கலாம். பொறியாளர் பார்க்காமல் எந்தச் சுவரையும் தட்டாதீர்கள். அக்கம்பக்கத்தாரைப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: சங்கம் நடக்கிறதா, யார் யாரோடு பேசுவதில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சத்தத்துக்கு ஒரு வார்த்தை. ஒரு தடவை வார நாள் காலையில், ஒரு தடவை வார இறுதி இரவு பதினொரு மணிக்கு, ஒரு தடவை மழையில் போய்ப் பாருங்கள். பழைய ஜன்னலை மாற்ற அனுமதி இல்லாவிட்டால் உள்பக்கம் இரண்டாவது ஜன்னல் ஒன்றைப் பொருத்தலாம். தெருச் சத்தம் குறைய இரண்டுக்கும் நடுவில் 10 முதல் 20 செ.மீ. இடைவெளி வேண்டும். கனமான சுவர் அதற்கு வசதியாகவே இருக்கும்.

கட்டடப் பொறியாளரை நீங்களே தேர்ந்தெடுங்கள், தரகர் சொல்லும் ஆளை அல்ல. சாதாரண வீட்டுப் பரிசோதகர் போதாது. சுண்ணாம்புக் கட்டுமானத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்லாமல், உத்திர முனை, பால்கனி, கூரை, விரிசல் என்று எழுதிக் கொடுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்துவிட்டுப் போனார் என்பது பரிசோதனை ஆகாது. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஆபத்தா என்பதை மட்டும். கட்டடத்தின் வயதைக் காரணம் காட்டிச் சில வங்கிகள் கடனையோ தவணைக் காலத்தையோ குறைக்கும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காப்பீட்டில், கட்டடத்தை அதே பொருளில் திரும்பக் கட்டும் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலைப்பாடுள்ள கட்டடத்தில் அது பல நேரம் கூடுதலாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனை கட்டாயம்: பொறியாளர் அறிக்கை திருப்தியாக இருந்தால், கடன் கிடைத்தால், செய்யப்பட்ட மாற்றங்களுக்கு அனுமதி காட்டப்பட்டால் மட்டுமே விற்பனை, இல்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்ப வரும். விலை பேசும்போது "பழசு" என்று பொதுவாகச் சொல்லிக் குறைக்கக் கேட்டால் விற்கிறவர் சிரிப்பார். வடக்குச் சுவரில் மூன்று உத்திர முனை, பால்கனியில் இரண்டு தாங்கு இரும்பு என்று மதிப்பீட்டோடு வையுங்கள், பேச்சு மாறும். புதுப்பிக்கும் செலவுக்கு மேல் இன்னொரு 20 சதவீதம் ஒதுக்குங்கள். பலகையைத் தூக்கிய பிறகு செலவு குறைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கூரையில் குறை, சங்கத்தில் சண்டை, கையிருப்பு இல்லை என்று மூன்றும் சேர்ந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உத்திர முனை கெட்டிருக்கிறது, ஒயர் பழசு, குளியலறை மோசம், ஆனால் சங்கம் ஒழுங்காக நடக்கிறது, கூரை போன வருடம் செய்திருக்கிறார்கள் என்றால் விலையைக் குறைத்து வாங்குங்கள். வாங்கிய பிறகு முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள், அடுத்து மின்சாரம், பிறகு குழாய், பிறகு தளம். பூச்சும் பெயின்டும் ஒரு மழைக்காலம் கழித்துச் செய்தால் போதும்.